மூச்சை எண்ணுகிறவள்

2025 அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு மதியம். இரண்டாம் ஆண்டு வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தபோது ஆறு தவறிய அழைப்புகள் இருந்தன. எல்லாம் ஒரே எண்ணிலிருந்து. கிளென்மார்கன் பக்கத்தில் இருக்கும் என் மாணவன் ஒருவனின் அக்கா. திரும்பக் கூப்பிட்டேன். நலம்கூட விசாரிக்காமல் கேட்டாள்: "டீச்சர், அன்னிக்கு நீங்க கையில வாங்கிப் பார்த்தீங்களே ஒரு பாட்டில், அது டிவியில சொல்றாங்களே அந்த மருந்துதானா?"

அன்று அந்த பாட்டிலின் லேபிளை முழுக்க வாசித்திருந்ததால் பெயர் நினைவிருந்தது. "இல்லைம்மா. அது வேற கம்பெனி, வேற மருந்து" என்றேன். சில நொடிகள் சத்தமில்லை. பிறகு அழும் சத்தம் கேட்டது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஜூலையில் வந்த சளி ஜூலையிலேயே போய்விட்டது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானாம். ஆனாலும் அழுதாள். "அதுவா இருந்திருந்தா? கொடுத்தது நான்தானே டீச்சர்" என்றாள்.

அந்த வாக்கியத்துக்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. "நீ என்னம்மா செய்வே" என்று ஏதோ சமாதானம் சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் ஆகாது என்று சொல்லும்போதே தெரிந்தது. கொடுத்த கை அவளுடையது. அது உண்மை. ஆனால் அந்தக் கையோடு கணக்கு முடிந்துவிடுகிறதா? குழந்தையின் நெஞ்சுச்சளியையும் மூக்கடைப்பையும் போல அற்பமான, எல்லா வீட்டிலும் வருகிற ஒரு தொல்லையை முன்வைத்து இந்தக் கேள்வியை யோசிக்கலாம் என்று தோன்றுகிறது.

அந்த ஜூலை இரவுக்கு வருகிறேன். தாலாட்டுப் பாடல்களைப் பதிவு செய்யத்தான் அங்கே போனேன். என் மாணவனின் அம்மாயி நன்றாகப் பாடுவார் என்று அவன் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஊட்டியிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கிளென்மார்கனைச் சுற்றுலாக்காரர்கள் மேலிருந்து மாயாறு பக்கத்துக் காட்டைப் பார்க்கும் இடமாக அறிவார்கள். மின்வாரியக்காரர்களுக்கு அது வேறு இடம். பைக்காராவின் தண்ணீர் இங்கே தேங்கி, பெருங்குழாய்களில் ஏறக்குறைய 3,000 அடி கீழே இறங்கி சிங்காராவில் மின்சாரமாகிறது. 1932-இல் தொடங்கிய ஏற்பாடு. அந்தச் சரிவில் ஏறி இறங்க ஒரு விஞ்ச் வண்டியும் உண்டு. இவற்றுக்கெல்லாம் அக்கம்பக்கத்தில் தோடர் மந்துகள், தேயிலை, கற்பூர மரங்கள், சின்னச் சின்ன வீடுகள். தென்மேற்குப் பருவமழையில் இந்த மேற்குப் பக்கம் நாள்கணக்கில் வெயிலைப் பார்ப்பதில்லை. துணி காயாது. சுவர் வியர்க்கும்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். அம்மாயி, என் மாணவன், அவன் அக்கா, அவளுடைய ஏழு மாத ஆண் குழந்தை. அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். அக்காவின் கணவர் கோவையில் வேன் ஓட்டுகிறார், ஞாயிறு தோறும் வருவார். குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனதிலிருந்து அவள் மறுபடி கொழுந்து பறிக்கப் போகிறாள். பெரிய எஸ்டேட் இல்லை. சிறு விவசாயிகளின் தோட்டங்களில் நாள்கூலிக்கு. போனால் கூலி, போகாவிட்டால் இல்லை.

சாயங்காலம் முழுக்க அம்மாயி பாடினார். மழை கூடியதால் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன். இரவு ஒன்பது மணிக்குக் குழந்தை அழத் தொடங்கினான். மார்பில் வாய் வைப்பான், இரண்டு மடக்கு உறிஞ்சுவான், விட்டுவிட்டு வீறிடுவான். கைக்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகிறார்கள். நமக்கு மூக்கடைத்தால் வாயைத் திறந்துகொள்வோம். பால் குடிக்கும் பிள்ளைக்கு வாயில் மார்பு இருக்கிறது. அதனால் மூச்சா, பாலா என்று அது ஒவ்வொரு மடக்குக்கும் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. பசியும் அடைப்பும் சேர்ந்த அந்த அழுகையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், வீட்டில் யாரும் உட்கார்ந்திருக்க முடியாது.

அம்மாயி ஓமவல்லி இலையை விளக்குச் சூட்டில் வாட்டிச் சாறு பிழியத் தொடங்கினார். பூண்டு போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் ஒரு கிண்ணத்தில் இருந்தது. உரைகல்லும் பிள்ளை வளர்ப்பானும் எடுத்து வைத்தார். இரவில் வசம்பு என்று பெயர் சொல்லி அதை எடுக்கக் கூடாது. பேத்தி அலமாரியிலிருந்து பாதி தீர்ந்த ஒரு சிரப் பாட்டிலை எடுத்தாள். மூன்று நாள் முன்பு டவுனில் மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. நான் அதை வாங்கி வாசித்தேன். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் போட்டிருந்தது.

"இதைக் கொடுக்கக் கூடாதும்மா" என்றேன்.

"கொடுத்தா மூணு மணி நேரமாவது தூங்குவான் டீச்சர். நாளைக்கு ஏழரைக்குக் கொழுந்துக்குப் போகணும்."

"இருந்தாலும் வேண்டாம்."

"சரி டீச்சர். அப்ப நீங்க தூக்கி வெச்சிக்குங்க."

கோபமாகச் சொல்லவில்லை. குத்தலும் இல்லை. இரண்டு கைகளாலும் குழந்தையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

எனக்குத் தெரிந்த எந்த அறநூலும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொன்னதில்லை. வேண்டாம் என்று சொல்கிறவர் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்க முடியாதவருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை பாதிதான்.

நான் சொன்னது சரியான செய்தி, அதில் சந்தேகமில்லை. சளி, இருமலுக்கான கலவை மருந்துகளில் குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் பினைலெஃப்ரின் என்ற மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்து வருபவை பல. இந்தக் கலவையை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் எச்சரிக்க வேண்டும் என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. குளோர்பெனிரமின் தூக்கம் வரவைக்கும். சளியைக் குறைக்கும் வேலையில் கைக்குழந்தைகளுக்கு இம்மருந்துகளால் பெரிய பலனில்லை என்றும் ஆபத்துதான் உண்டு என்றும் மருத்துவம் ஒப்புக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. அப்படியானால் இவ்வளவு காலம் இந்த பாட்டில்கள் விற்றது எதை? தூக்கத்தை. குழந்தையின் தூக்கத்தையும், அதன் வழியாகத் தாயின் தூக்கத்தையும், மறுநாள் காலை ஏழரை மணியையும்.

இதை ஒரு கண்டுபிடிப்பு போல நான் சொல்ல முடியாது. என் மகளுக்குப் பத்து மாதம் இருக்கும்போது ஓர் இரவு நானும் கொடுத்தேன். மறுநாள் விடைத்தாள் திருத்தும் முகாம். மூன்று இரவுகள் தூங்கியிருக்கவில்லை. அவளுக்கு இருமல் அன்று குறைந்திருந்தது. ஆனாலும் கொடுத்தேன். இருமலுக்கு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் தூங்கினாள், நானும் தூங்கினேன். நடு இரவில் திடுக்கிட்டு விழித்து அவள் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தது இன்றும் நினைவிருக்கிறது. என் கணவருக்கு மட்டும் எந்த சிரப்பும் தேவைப்படவில்லை. அவர் எல்லா இரவும் தூங்கினார். முனைவர் பட்டம், அரசுப் பணி, ஊதியத்தோடு ஆறு மாத மகப்பேறு விடுப்பு, அதற்குப் பின் எடுக்கத் தற்செயல் விடுப்பு எல்லாம் இருந்த எனக்கே அந்த பாட்டில் தேவைப்பட்டது. இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்று தெரியும்.

மறுபக்கம் அம்மாயியின் கிண்ணங்கள். பெண்ணியம் பேசுகிற நாம் பாட்டி வைத்தியத்தைப் பற்றி இரண்டு விதமாகப் பேசிவிடுகிறோம். ஒன்று, மூடநம்பிக்கை என்று தள்ளுவது. அல்லது பறிக்கப்பட்ட பெண்ணறிவு என்று கொண்டாடுவது. இரண்டுக்கும் அவசரம் அதிகம். இலையை வாட்டுவதும் நெஞ்சில் வெதுவெதுப்பாக எண்ணெய் தடவுவதும் குழந்தையை மடியில் நிமிர்த்தி வைத்திருப்பதும் யாரோ ஒருவர் விழித்திருக்கிறார் என்பதன் வடிவங்கள். அதில் உள்ள ஆறுதல் பொய்யில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல்தான் என்றாலும் ஏழு மாதக் குழந்தைக்குச் சாறும் தேனும் புகட்டுவதில் ஆபத்து உண்டு. ஒரு வயதுக்கு முன் தேன் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் போகலாம். ஆவி பிடிக்க வைத்த கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன பிள்ளைகள் உண்டு.

இந்த மலைக்கே உரிய ஒரு பொருள் இன்னும் இருக்கிறது. சமவெளியில் தைல மரம் என்பதை இங்கே கற்பூர மரம் என்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து 1843 வாக்கில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்த மரம். புல்வெளிகளை மூடிக்கொண்டு வளர்ந்தது. அதன் இலையைக் காய்ச்சி எடுக்கும் நீலகிரித் தைலத்தை ஊட்டிக்கு வருகிறவர்கள் வாங்காமல் போவதில்லை. நாடு முழுவதும் மூக்கடைப்பு என்றால் நினைவுக்கு வருவது இந்த மலையின் பெயர்தான். அதே தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கருகில் தடவக் கூடாது. கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரலாம். கற்பூரமும் அப்படித்தான். இந்த மலையில் பிறந்த பிள்ளைக்கு இந்த மலையின் மருந்து ஆகாது.

சரி, எதுதான் ஆகும்? அன்றிரவு செய்தவற்றைச் சொல்கிறேன். என் மாணவன் பக்கத்து வீட்டிலிருந்து உப்புநீர் மூக்குச் சொட்டு வாங்கி வந்தான். மருந்துக் கடையில் எளிதாகக் கிடைப்பதுதான், வெறும் உப்பும் தண்ணீரும். ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு. ஒரு நிமிடம் பொறுத்து, இளகி வந்த சளியை ஈரத்துணியால் துடைத்தோம். உடனே பால். நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. விழித்திருக்கும் நேரம் தோளில் நிமிர்த்தி வைத்துக்கொண்டோம். அறையை வெதுவெதுப்பாக வைக்க அம்மாயி கணப்புச் சட்டியை உள்ளே கொண்டுவந்தார். வேண்டாம் என்று தாழ்வாரத்துக்குத் திருப்பி அனுப்பினோம். மூடிய அறையில் கரிநெருப்பு வாசமில்லாத நச்சு வாயுவை விடும். ஊட்டிக் குளிரில் அப்படி உறக்கத்திலேயே இறந்தவர்கள் உண்டு. விறகுப் புகை குழந்தைகளின் நுரையீரல் காய்ச்சலுக்கு ஒரு முக்கியக் காரணமும்கூட. அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. சளி வைரஸால் வருகிறது. உடம்பு தானே அதைத் தீர்த்துக்கொள்ளும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

பிறகு மூச்சை எண்ணினேன். என் மகள் சின்னவளாக இருந்தபோது ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் கற்றுத் தந்தது. குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ஐத் தொட்டால், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50-ஐத் தொட்டால், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-ஐத் தொட்டால், அது வெறும் சளி இல்லை. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்கவே முடியாமல் போனால், உதடு நீலம் பாய்ந்தால், முனகினால், எழுப்ப எழுப்பத் துவண்டு விழுந்தால், எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட வேண்டும். அன்று மழையிலும் மூடுபனியிலும் அந்த வண்டி எவ்வளவு நேரத்தில் வந்திருக்கும் என்று ஒவ்வொரு முறை எண்ணும்போதும் நினைத்தேன். என் கணக்கில் 46 வந்தது.

இந்தப் பட்டியலில் ஒரு பொருளைக் கவனியுங்கள். உப்புநீருக்குச் சில ரூபாய். துணி வீட்டில் இருக்கிறது. எண்ணுவதற்குக் காசு வேண்டாம். இருந்தும் இந்த வைத்தியம் விலை அதிகமானது. ஏனென்றால் அதன் முதன்மையான சரக்கு ஒரு மனிதரின் ஓர் இரவு. "மூச்சுவிட நேரமில்லை" என்று தமிழில் சொல்கிறோம். "மூச்சு விடாதே" என்றால் வாய் திறக்காதே என்று பொருள். இந்த இரண்டு சொற்றொடருக்கும் நடுவில் வாழ்கிற ஒருத்தியிடம்தான் இன்னொரு உயிரின் மூச்சை எண்ணச் சொல்கிறோம்.

இனி அக்டோபர் செய்தி. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரண சளி, காய்ச்சலுக்கு சிரப் குடித்த சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இறந்தவர்கள் 20-க்கும் மேல். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். கோல்ட்ரிஃப் என்ற அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீசன் நிறுவனத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது ஒரு தொகுப்பில் 48.6 விழுக்காடு டைஎத்திலின் கிளைகால் இருந்தது. தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான் அது. மருந்தில் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. நிறுவனத்தின் உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது. மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம் அக்டோபர் 3 அன்று, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்கவோ எழுதவோ கூடாது என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் அறிவித்தது.

இந்த நஞ்சு புதிதில்லை. 1937-இல் அமெரிக்காவில் இதே பொருள் கலந்த ஒரு திரவ மருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டே அங்கே மருந்துச் சட்டம் கடுமையானது. 1972-இல் நம் சென்னையிலேயே 14 குழந்தைகள் இறந்தார்கள். 2022-இல் காம்பியாவில் ஏறக்குறைய 70 குழந்தைகளின் இறப்போடு இந்தியாவில் தயாரான சிரப்புகள் தொடர்புபடுத்தப்பட்டன. ஒவ்வொரு முறையும் ஒரே கதை. விலை மலிவான ஒரு கரைப்பான், சோதிக்காத ஓர் ஆலை, பார்க்காத ஓர் ஆய்வாளர், எழுதிக் கொடுத்த ஒரு மருத்துவர், விற்ற ஒரு கடைக்காரர். கடைசியில் ஒரு கரண்டி. கரண்டியைப் பிடித்திருந்த கையைத் தவிர மற்ற எல்லாக் கைகளும் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்காதவை, அல்லது பார்த்து மறந்தவை. மறக்க முடியாதவள் ஒருத்திதான். அதனால்தான் எந்தத் தவறும் செய்யாத, எந்த நஞ்சும் கொடுக்காத கிளென்மார்கன் பெண் ஒருத்தி தொலைபேசியில் அழுதாள்.

அன்று பதிவு செய்த தாலாட்டுகளை மறுபடி கேட்டேன். தாலாட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை அழுதால் யார் அடித்தார்கள் என்று பாட்டு விசாரிக்கும். அத்தையா, பாட்டியா, சித்தியா என்று ஒவ்வொருவராகக் கேட்கும். அழகான மரபுதான், வகுப்பில் ரசித்துச் சொல்லித் தருகிறேன். ஆனால் விசாரணை வீட்டுக்குள்ளேயே சுற்றுவதையும், விசாரிக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் பெண்களாக இருப்பதையும் இப்போதுதான் காதில் வாங்கினேன். தாய்மாமன் வேறு மாதிரியும் வருகிறான். தொட்டில் கொண்டுவருகிறான், சீர் கொண்டுவருகிறான். எந்தப் பாட்டிலும் அவன் இரவு கண்விழிக்கவில்லை. குழந்தை அழுதால் வீட்டுப் பெண்களில் ஒருத்தியைத் தேடும் பழக்கம் நம் மொழியில் தொட்டிலிலேயே தொடங்கிவிடுகிறது.

புறநானூற்றின் 312-ஆம் பாட்டு பொன்முடியார் என்ற பெண்பாற் புலவருடையது. கடமைகளை அது பங்கு போடுகிறது. பெற்றுக் காப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நல்லொழுக்கம் தருவது வேந்தனுக்கு, போரில் யானையைக் கொன்று மீள்வது மகனுக்கு. போருக்குப் பிள்ளை வளர்க்கும் இந்தக் கணக்கோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்று முக்கியம். ஒரு பிள்ளை ஆளாவதற்குக் கொல்லனிலிருந்து வேந்தன் வரை ஊரே கடன்பட்டிருக்கிறது என்று அது எழுதி வைத்திருக்கிறது. பின்னால் வந்த நாம் மற்றவர்கள் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டோம். முதல் வரியின் கடனை மட்டும் வட்டியோடு வசூலிக்கிறோம்.

பழி, பொறுப்பு என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒன்றாகவே புழங்குகிறோம். இரண்டும் வேறு. பழி பின்னோக்கிப் பார்க்கும், ஓர் ஆளைத் தேடும், ஆள் கிடைத்ததும் அடங்கிவிடும். பொறுப்பு முன்னோக்கிப் பார்க்கும், இனி யார் எதைச் சுமப்பது என்று கேட்கும். பொறு என்ற வேரில் சுமத்தல், காத்திருத்தல், சகித்தல், மன்னித்தல் நான்கும் உண்டு. பெண்களிடம் "பொறு" என்று சொல்லும்போது இந்த நான்கையும் சேர்த்தே கேட்கிறார்கள். ஆலைக்காரரிடமும் அதிகாரியிடமும் நாம் பழியை மட்டும்தான் கேட்கிறோம். அதுவும் பிள்ளைகள் இறந்த பிறகு. ஜோன் ட்ரான்டோ என்ற அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் 1993-இல் வெளிவந்த தன் நூலில் பராமரிப்பை அரசியல் கேள்வியாக்கினார். தேவையைக் கவனிப்பது, அதற்குப் பொறுப்பேற்பது, கையால் செய்வது, அதைப் பெறுவது என்று நான்கு படிகளாகப் பிரித்தார். அதிகாரம் உள்ளவர்கள் இரண்டாம் படியோடு நின்று உத்தரவு போடுவார்கள், மூன்றாம் படியை மற்றவர்கள் கைகள் செய்யும் என்பதை இந்தப் பிரிவு பளிச்சென்று காட்டுகிறது. அன்றிரவு ஒன்பதரை மணிக்கு நானும் இரண்டாம் படியில்தான் நின்றிருந்தேன். அந்தப் பெண் என்னை ஒரு படி இறக்கிவிட்டாள்.

அம்மாயி சிலோனில் பிறந்தவர். 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறி வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. "அங்க பிள்ளை மடுவம் இருந்துச்சு டீச்சரம்மா. கொழுந்துக்குப் போற பொம்பளைங்க புள்ளைய அங்க விட்டுட்டுப் போவாங்க, நடுவுல வந்து பால் குடுப்பாங்க. ஒரு புள்ளைக்குச் சளி புடிச்சா எல்லாப் புள்ளைக்கும் புடிக்கும், அது வேற" என்று சிரித்தார். சொர்க்கமில்லை, ஆனால் ஓர் ஏற்பாடு. இந்தியாவிலும் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. அவர் பேத்தி வேலை செய்யும் சிறு தோட்டங்களை அந்தச் சட்டம் எட்டியதே இல்லை. தமிழ்நாட்டில் முத்துலெட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு உதவி 18,000 ரூபாய். அது பெரிய உதவிதான். ஆனால் குழந்தைக்கு ஏழாம் மாதம் வரும் சளிக்கு ஒரு நாள் கூலி தர அதில் மிச்சம் இருக்காது. இரண்டு வயதுக்குள் சிரப் கொடுக்காதே என்று சொன்ன அரசு சரியாகவே சொன்னது. அதற்கு அடுத்த வரியாக, அப்படியானால் அந்த இரவை யார் தூக்கிக்கொள்வது என்று அரசிடம் கேட்க வேண்டியது நாம். நாள்கூலிப் பெண்ணுக்குப் பிள்ளை நோய்க்கு ஊதியத்தோடு விடுப்பு, நடந்து போகும் தூரத்தில் ஒரு காப்பகம், மூச்சை எண்ணத் தெரிந்த ஒரு செவிலியர். இவை கேட்கக் கூடாத பெரிய விஷயங்களா?

ஒரு மறுப்பு எழும். எல்லாவற்றையும் சமூகத்தின் மேல் போட்டுவிட்டால் தாய்க்கு என்று எதுவும் இல்லையா, அவள் வெறும் கரண்டியா? இல்லை. அவளை அப்படிச் சொல்வதுதான் பெரிய அவமானம். தெரிந்துகொள்ள வேண்டியது அவளுக்கு உண்டு, எனக்கும் உண்டு. லேபிளை வாசிப்பதும் மூச்சை எண்ணுவதும் குழி விழுகிறதா என்று பார்ப்பதும் பயத்துக்குப் பதிலாக அறிவைத் தருகின்றன. மறுநாள் சாயங்காலம் அவள் குழந்தையை ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனபோது, "படிச்ச பொண்ணுதானே, கண்டதையும் கொடுப்பியா?" என்று கேட்டார்களாம். அவள் தலையைக் குனிந்துகொள்ளாமல், "நிமிஷத்துக்கு நாப்பத்திரண்டு மூச்சு விடுறான் சார், குழி விழல" என்றாளாம். இதைத் தொலைபேசியில் சொல்லும்போது அவள் குரலில் இருந்தது குற்றவுணர்வு இல்லை. பழி ஒருவரை வாயடைக்கும். பொறுப்பு, அதைச் சுமக்க வலுவும் ஆளும் கிடைத்தால், பேச வைக்கும்.

அன்று இரவு இரண்டு மணிக்கு என் கை மரத்துப் போயிற்று. அம்மாயியை எழுப்பலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எழுபதை நெருங்கும் பெண்ணை எழுப்ப நினைத்தேன், பக்கத்தில் போர்த்திப் படுத்திருந்த இருபது வயது இளைஞனை நினைக்கவில்லை. பெண்ணியம் படித்த எனக்கே இவ்வளவு நேரம் ஆனது. அவன் தோளைத் தட்டினேன்.

"தாய்மாமன்தானே நீ, எழுந்திரு."

"எனக்கு இதெல்லாம் தெரியாது மேடம்."

"எண்ணத் தெரியும் இல்லையா?"

எழுந்து உட்கார்ந்தான். கைப்பேசியில் ஒரு நிமிடத்தை வைத்துக் கொடுத்தேன். குழந்தையின் சட்டையைத் தூக்கி, குனிந்து, உதடு அசைய எண்ணினான். நாற்பத்துநான்கு என்றான். சரியா என்று என்னைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை எண்ணினான். பிறகு மருமகனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சின்ன அறையில் நடக்கத் தொடங்கினான். அவன் அக்கா ஐந்து மணிவரை தூங்கினாள். அந்த வீட்டில் பல மாதங்களில் அவள் தொடர்ந்து தூங்கிய இரவு அதுதான் என்று காலையில் அம்மாயி சொன்னார்.